கீரைக்கட்டோடு நீ கொடுத்த கதை

இன்று காலை தேக்கா சந்தையில் ஒரு கீரைக்கட்டைக் கையில் எடுத்தேன். ரப்பர் வளையம் போடாமல், பாண்டான் இலையைக் கீறி நாராக்கிக் கட்டியிருந்தார்கள். ஈரக்கீரையின் பச்சை வாசனையும் பாண்டான் மணமும் சேர்ந்து மூக்கில் ஏறின. "லோக்கல் கீரைக்கா. மருந்தடிக்காதது, வாங்கிப் பாருங்க" என்றார் கடைக்காரர். வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பஃபலோ ரோட்டில், உன் வாப்பாவின் மளிகைக்கடை முன்பு இருந்த இடத்துக்கு எதிரே நின்று விரல்களை முகர்ந்தேன். மணம் போகவில்லை.

பாண்டான் நாரில் கீரை கட்டுவது உன் யோசனை. இப்போது யார் யாரோ அப்படிக் கட்டுகிறார்கள். நீ இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய்.

உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கோபம் முந்திக்கொண்டு வரும், எழுந்து போய்விடுவேன். இன்று கோபம் இருக்கட்டும் என்று அதோடு சேர்ந்தே எழுதுகிறேன்.

குவீன்ஸ்டவுனில் நாம் படித்த பள்ளியில் தமிழ் வகுப்புக்கு என்று ஒதுக்கிய அறை மிகச் சின்னது. அதில் என் பக்கத்து நாற்காலி உன்னுடையது. அப்போதிருந்தே நீ பேசினால் எல்லாரும் கேட்பார்கள். கட்டுரைப் போட்டியில் எனக்குப் பரிசு கிடைக்கும், பேச்சுப் போட்டியில் உனக்கு. ஒரு சின்ன விஷயத்தை நீ எடுத்துச் சொன்னால் அதற்குக் கை கால் முளைத்துவிடும். அந்த வாய் எனக்கு எவ்வளவு பிடிக்கும்! நம்மில் பேசத் தெரிந்தவள் நீ, எனக்கும் சேர்த்து நீயே பேசிவிடுவாய் என்று பல வருஷம் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

வங்கி வேலையை விட்டுவிட்டு, குவீன்ஸ்டவுனில் ஒரு பலமாடிக் கார்ப்பார்க்கின் மொட்டைமாடியை வாடகைக்கு எடுத்துக் கீரை போடப்போகிறேன் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். "சிரிக்காதே லா. கீழ இருக்கிற சனம் சாப்பிடுறதை மேலேயே விளைய வச்சா என்ன?" என்றாய். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, கையில் இருந்த நல்ல வேலையையும் விட்டுவிட்டாள் என்று உங்கள் வீட்டில் பெரிய வருத்தம். நீ காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பலகை அடித்துப் பாத்தி கட்டினாய். சுற்றியிருந்த அடுக்குமாடிப் புளோக்குகளில் வீடு வீடாகப் போய்க் காய்கறித்தோல் சேகரித்தாய். கோப்பிக்கடைக்காரரிடம் கோப்பிச்சக்கையைக் கேட்டு வாங்கினாய். எல்லாவற்றையும் மட்கவைத்து உரமாக்கினாய். வேப்பெண்ணெயையும் சோப்புத் தண்ணீரையும் தவிர வேறு எதையும் செடிமேல் தெளிக்க மாட்டாய். இலையில் ஓட்டை இருக்கிறதே என்று யாராவது முகம் சுளித்தால் உன் பதில் தயாராக இருக்கும்: "பூச்சி கடிச்சிருக்கா, அப்ப நம்பி வாங்கலாம். பூச்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அந்தச் சமயத்தில்தான் எனக்கு அது நடந்தது. பல வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை, ஏழாம் மாதத்தில் அசைவதை நிறுத்திவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து புக்கிட் மேரா வீட்டுக்குத் திரும்பியபோது, வாங்கி வைத்திருந்த துணிமணிகளையும் தொட்டிலையும் என் கணவர் அப்புறப்படுத்தியிருந்தார். துவாஸில் கப்பல் பட்டறையில் அவரோடு வேலை செய்யும் ஒருவர் வீட்டில் பிரசவ நேரம், அங்கே கொடுத்துவிட்டார். நான் பார்த்து அழக்கூடாது என்று நினைத்திருக்கிறார். ஒன்றே ஒன்று மட்டும் என் கைப்பையில் தங்கிவிட்டது. நானே பின்னிய மஞ்சள் தொப்பி. என் உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு.

அதற்குப் பிறகு நான் வெளியே போகவில்லை. கிளினிக்கில் பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட்டுவிட்டேன். வந்தவர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்கள். பேச்சுக்காரியான நீ மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்ததும், "வெண்டைக்காய் முத்திப் போவுது, பறிக்க ஆள் இல்ல. வா" என்றாய். வந்தேன். மறுநாளும் வந்தேன். வெயில் ஏறுமுன் பறிப்பதும், கழுவுவதும், கட்டுவதும், சனிக்கிழமை காலையில் மேசை போட்டு விற்பதும் என் வேலை ஆகிவிட்டன. சீன ஆன்ட்டிகள் தள்ளுவண்டியோடு வந்து தண்டங்கீரையை எடை பார்ப்பார்கள். வயதான மலாய் மக்சிக் ஒருவர் செராய் என்கிற எலுமிச்சைப்புல்லை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு காலை, மொட்டைமாடியின் மேற்கு மூலையில் நீலப் பீப்பாயில் வளர்ந்திருந்த முருங்கை மரத்தடியில் நாம் உட்கார்ந்திருந்தோம். பையிலிருந்து தொப்பியை எடுத்து உன்னிடம் காட்டினேன். என் கணவரிடம்கூட அதைக் காட்டியதில்லை. நீ வாங்கிப் பார்க்கவில்லை, தொடவும் இல்லை. கைக்கொத்தை எடுத்து என்னிடம் நீட்டினாய். வேருக்குப் பக்கத்தில் தோண்டி அதை வைத்து மூடினேன். நீ ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாய். "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்" என்றேன். "வேற யாரோட இருக்கும்?" என்றாய்.

அந்த வார்த்தையை நான் எவ்வளவு நம்பினேன் தெரியுமா?

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். என் கணவரின் தங்கை மகள் கல்யாணத்துக்காகத் தமிழ்நாட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்குமேல் தங்கவேண்டி வந்தது. திரும்பி வந்து பார்த்தால் மரம் மொட்டையாக நின்றது. நுனியில் மட்டும் இளந்துளிர். "ரொம்ப உயரமா போயிடுச்சு, வெட்டி விட்டேன்" என்றாய். முருங்கையை அப்படி வெட்டுவது வழக்கம்தானே, நான் ஒன்றும் நினைக்கவில்லை. பழையபடி உட்கார ஆரம்பித்தேன்.

அந்த வருஷம்தான் கூட்டம் பெருகியது. அதுவரை சனிக்கிழமைகளில் பாதிக்கீரை மேசையிலேயே வாடும். வாடியதை நாமே வீட்டுக்கு எடுத்துப் போவோம். பிறகு தூரத்துப் புளோக்குகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். நீ அவர்களைப் பாத்தி பாத்தியாக அழைத்துப்போய்ப் பேசுவாய். நான் மேசையைப் பார்த்துக்கொள்வேன். சுற்றிப் பார்த்துவிட்டு வருபவர்கள் முருங்கைக்கீரைதான் முதலில் கேட்பார்கள். சிலர் கண் கலங்கியிருக்கும். வெயில் என்று நினைத்தேன். நிஜமாகவே வெயில் என்றுதான் நினைத்தேன்.

பிறகு யீஷூனிலிருந்து ஒரு அம்மா வந்தார். தமிழ்க்காரர். மேசையில் நின்ற மற்றவர்கள் நகரும்வரை காத்திருந்து பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மரத்துக் கீரைதான் வேணும்மா. வேற வேணாம்."

"எல்லாம் ஒரே மண்ணுதான்மா" என்றேன்.

"இல்லம்மா. என் மருமகளுக்கு ரெண்டு தடவை தங்கல. அந்தக் கதையைக் கேட்டதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல. பாவம், எந்தத் தாயோ, பிள்ளையோட மஞ்சத் தொப்பியை அந்த மரத்தடியில புதைச்சிருக்காங்களாம். அப்புறம்தான் அது இப்படித் தழைச்சுதாம். உங்களுக்குத் தெரியாதா? இங்கதானே வேலை செய்றீங்க?"

கீரையை எடுத்துக் கட்டிக் கொடுத்தேன். என் கைகள் அவை பாட்டுக்கு வேலை செய்தன. அந்த அம்மா கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் நீ ஏதோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்துக் கையசைத்தாய்.

உன்னிடம் அன்றே கேட்டிருப்பேன். ஆனால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். வேறு யாரோ ஒரு தாயாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மஞ்சள் தொப்பி உலகத்தில் எத்தனையோ இருக்கும். இரண்டு நாள் கழித்து என் கணவர் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், கைத்தொலைபேசியை என் முன்னால் வைத்தார். பண்ணைக்கு வந்த யாரோ எடுத்த வீடியோ. அவர் வேலையிடத்தில் எல்லாருக்கும் பகிர்ந்திருக்கிறார்கள். நீ முருங்கையைத் தொட்டுக்கொண்டு நின்றாய். பேச்சுப் போட்டியில் மேடையேறிய அதே குரல். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

வீடியோ முடிந்ததும் அவர் திரையை அணைத்தார்.

"நீ பின்னினியே, அந்தத் தொப்பியா?" என்றார்.

தலையசைத்தேன்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தார். எனக்குள்ளே இருந்ததை என் நேரத்தில், என் வாயால், அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தை நீ எடுத்துக்கொண்டாய். அவருக்கு முன்னால் யீஷூன் அம்மாவுக்குத் தெரியும், பட்டறையில் அவருக்குக் கீழே வேலை செய்யும் பையன்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலை நான் வந்தபோது நீ தொட்டியில் கீரை அலசிக்கொண்டிருந்தாய்.

"யார் யார்கிட்ட சொன்னே?" என்றேன்.

"எதை?"

"தொப்பியை."

தண்ணீர்க் குழாயை மூடினாய். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாய். அந்தக் கொஞ்ச நேரத்தில், இல்லை என்று சொல்லிவிடுவாய் என்று நான் எதிர்பார்த்தேன்.

"உன் பேரை ஒரு எடத்துலயும் சொல்லல."

"பேரு எதுக்கு? தொப்பி போதாதா?"

"நான் சொல்றதைக் கேளு லா. கீரை விக்கிறதுக்குன்னு நான் அதைச் சொல்லல. முதல் தடவை தானா வாயில வந்துடுச்சு. ஒரு பொம்பளை அழுதாங்க. அவங்களுக்கும் அப்படி நடந்திருக்கு, யார்கிட்டயும் சொன்னதில்லையாம். அடுத்த வாரம் இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தாங்க. அப்படியே வர ஆரம்பிச்சாங்க. மூடுற நெலமையில இருந்த இடம் நின்னுச்சு. உனக்கும் சேர்த்துத்தானே நின்னுச்சு?"

"என் பிள்ளை லா அது."

அலசிய கீரையையே எடுத்து மறுபடி தொட்டியில் அமுக்கினாய்.

"அந்த மரத்தை நான் எடுத்துக்கிட்டுப் போறேன். பீப்பாயோட. அவரைக் கூப்பிட்டிருக்கேன், லாரி வரும்."

அப்போதுதான் அதைச் சொன்னாய். குனிந்து, தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "அது அந்த மரம் இல்ல."

நான் தமிழ்நாட்டில் இருந்தபோது ஒரு பெருங்காற்று அடித்து மரம் அடியோடு முறிந்துவிட்டது. பீப்பாய் உருண்டு பிளந்து மண் மாடி முழுக்கச் சிதறிவிட்டது. நீ கூட்டி அள்ளி எல்லாப் பாத்திகளிலும் போட்டிருக்கிறாய். பக்கத்துப் புளோக் தோட்டத்திலிருந்து முருங்கைக் கிளைப் போத்து ஒன்றை வெட்டி வந்து அதே மாதிரி நீலப் பீப்பாய் ஒன்றில் நட்டிருக்கிறாய். நான் வரும்போது துளிர்த்திருக்க வேண்டுமே என்று தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாய்.

"நீ வந்து பார்த்தா தாங்கமாட்டேன்னுதான்..." என்றாய்.

"தொப்பி?"

"தேடினேன். கெடைக்கல."

அதை நம்பினேன். தேடியிருப்பாய். வெயிலில் மண்டியிட்டு ஒரு மூலை விடாமல் துழாவியிருப்பாய். எனக்காக ஒரு மரத்தையே மாற்றி வைக்கும் அளவுக்கு உனக்கு என்மேல் பாசம் இருந்தது. அந்தப் பாசத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அடியில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்த மரத்தைத் தொட்டுக் காட்டி, வாராவாரம் என் பிள்ளையைப் பற்றிப் பேசவும் உன்னால் முடிந்திருக்கிறது. முதலாவது மட்டும் என்றால் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். இரண்டாவது மட்டும் என்றால் உன்னை வெறுத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் நான் என்ன செய்வது? பையிலிருந்த என் பண்ணைக் கையுறையை எடுத்துத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். கீழே வந்ததும் லாரி வேண்டாம் என்று அவரிடம் போனில் சொன்னேன்.

அதன்பிறகு நீ அனுப்பிய செய்திகளை நான் திறக்கவில்லை. ஒருமுறை எங்கள் வீட்டுக் கதவில் ஒரு பை தொங்கியது. வெண்டைக்காய். எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். நீ கதை சொல்வதை நிறுத்திவிட்டதாகவும் கேள்விப்பட்டேன், நிறுத்தவில்லை என்றும் கேள்விப்பட்டேன். எது உண்மை என்று விசாரிக்கப் போகவில்லை.

உன் அக்கா, நம் லாத்தாதான் போன் செய்தார். காலையில் எழுந்து கோப்பி போட்டவள், அப்படியே அடுப்படியில் சாய்ந்துவிட்டாள் என்றார். நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வருமுன்னே மௌத்தாகிவிட்டாய். அன்று பிற்பகலே அடக்கம். நான் உன் வீட்டுக்கு வந்தபோது, சுவா சூ காங் இடுகாட்டிலிருந்து ஆண்கள் இன்னும் திரும்பவில்லை. வீட்டில் பெண்கள் யாசீன் ஓதி முடித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரமாகப் போய் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. உன்னோடு சண்டையை முடிக்கவில்லையே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பண்ணையின் சனிக்கிழமை வாடிக்கைக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். நான் பண்ணையை விட்டபிறகு பழக்கமானவர்கள், என்னைத் தெரியாது. அவர்களில் ஒரு பெண் உன் லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசைத் தேத்திக்குங்க. அவங்க அந்தப் பிள்ளைகிட்டயே போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு நெனச்சுக்குங்க" என்றார்.

லாத்தா நிமிர்ந்தார். "எந்தப் பிள்ளை?"

"அவங்களுக்குத் தவறிப்போச்சே, அந்தப் பிள்ளை. முருங்கை மரத்தடியில தொப்பியை... உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். யாரோட பிள்ளைன்னு வாய்விட்டுச் சொன்னதில்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் அவங்க அழுத அழுகையைப் பார்த்தா தெரியாதா?"

உன் சின்னம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லாத்தாவின் முகம் வெளுத்துப்போனது. கல்யாணமாகாத தங்கைக்கு ஒரு பிள்ளை. அடக்கம் முடிந்து ஆண்கள் வீடு திரும்பும் முன்னால், அந்தச் சொல் அந்தக் கூடத்தில் வளையவர ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் உன் குடும்பத்தில் அது என்றைக்கும் அழியாது.

எனக்கு உன்மேல் அவ்வளவு கோபம் அதற்குமுன் வந்ததில்லை. கதையை நீ சொன்னாய், அதற்குக் கணக்குத் தீர்க்க என்னைக் கூப்பிடுகிறாய். நான் வாயைத் திறக்காமல் எழுந்து போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. செருப்பு வாசலில்தான் இருந்தது.

"லாத்தா," என்றேன். "அந்தப் பிள்ளை என்னுது."

எல்லாரும் திரும்பினார்கள்.

"எனக்குத்தான் ஏழாம் மாசத்துல தவறிச்சு. தொப்பியை நான்தான் புதைச்சேன். உங்க தங்கச்சி பக்கத்துல இருந்தா. அவ எனக்காகத்தான் அழுதிருப்பா."

கடைசி வாக்கியம் உண்மையா என்று எனக்குத் தெரியாது. சொன்னபோதும் தெரியாது, இப்போதும் தெரியாது. உன் அழுகையில் எவ்வளவு எனக்காக, எவ்வளவு கேட்டவர்களுக்காக, உனக்கு வாய்க்காத ஏதோ ஒன்றுக்காக எவ்வளவு என்று நீதான் சொல்ல வேண்டும். லாத்தா எழுந்து வந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று கேட்டால், பிள்ளைக்காக. முதல்முறையாக நாலு பேர் முன்னால் அதை என் பிள்ளை என்று சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லை நானாகச் சொல்ல வேண்டிய நாளையும் நீயே குறித்துவிட்டுப் போயிருந்தாய்.

அந்த வாடிக்கைக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "பிள்ளைக்குப் பேர் ஏதாவது வச்சிருந்தீங்களா?"

"வச்சிருந்தோம்" என்றேன்.

அவர் காத்திருந்தார். நான் சொல்லவில்லை.

அவர் கேட்ட பிறகுதான் அது எனக்கே உறைத்தது. தொப்பியின் நிறம், மாதம், மரம், நான் தோண்டிய கைக்கொத்து எல்லாம் உன் கதையில் இருந்தன. பெயர் மட்டும் இல்லை. உனக்கு அது தெரியாது. எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டிய நான் அதை மட்டும் எப்படியோ சொல்லாமல் இருந்துவிட்டேன். ஸ்கேன் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் நாங்கள் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த பெயர். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர்.

அன்று உன் வீட்டிலிருந்து திரும்பியதும் நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவர்தான் முதலில் அந்தப் பெயரைச் சொன்னார். பிறகு நான். இப்போது அது வீட்டில் புழங்கும் சொல்லாகிவிட்டது. இருந்திருந்தால் இந்த வருஷம் பள்ளியில் சேர்ந்திருப்பாள் என்று பேசுவோம், துணி மடித்துக்கொண்டே, காய் நறுக்கிக்கொண்டே. அழுகை எப்போதும் வருவதில்லை.

உன்னை நான் மன்னிக்கவில்லை. உன்னை நினைக்காமலும் இருக்க முடியவில்லை. இரண்டையும் சுமந்துகொண்டுதான் சந்தைக்குப் போகிறேன், சமைக்கிறேன். அவள் பெயரை இந்த மடலிலும் எழுதப்போவதில்லை. அது எங்களோடு இருக்கட்டும்.